செவ்வாயும் வியாழனும் மீன், புதன் கோயில்: ராமேஸ்வரத்தில் மூன்று இரவு

வாசகி கேள்வி: எங்களுக்குத் திருமணமாகிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் நானும் கணவரும் மட்டும் தனியாக ஓர் ஊருக்கும் போனதில்லை. வரும் பிப்ரவரியில் பிள்ளைகள் இருவரையும் மாமியாரிடம் விட்டுவிட்டு ராமேஸ்வரத்தில் மூன்று இரவு தங்கலாம் என்று நினைக்கிறோம். நான் சுத்த சைவம். அவருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. எனக்கு இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வேண்டும். அவருக்குக் கடலையும் பாலத்தையும் பார்க்க வேண்டும். "அது தீர்த்த யாத்திரைக்குப் போகிற ஊர், அங்கே மூன்று நாள் என்ன செய்வீர்கள்?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். சாப்பாட்டு வேளையில் ஆளுக்கொரு கடையாகப் பிரிந்து போக வேண்டியிருக்குமோ என்பதுதான் என் பெரிய கவலை. எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெளியூர்க்காரர்களுக்குப் பயண ஏற்பாடு செய்து தருகிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அதிகாலையில் வந்து இறங்கி, தீர்த்தமாடி, சாமி கும்பிட்டு, தனுஷ்கோடியை ஓட்டமாகப் பார்த்துவிட்டு அன்றிரவே ஊர் திரும்பிவிடுகிறார்கள். மூன்று இரவு தங்குகிறோம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இந்தத் தீவுக்கு அந்த அளவு நேரம் வேண்டும். ஒரு நாளில் பார்த்துப் போகிறவர்களுக்கு இங்கே கூட்டமும் வெயிலும் ஈரத் துணியும்தான் நினைவில் நிற்கும்.

முதலில் உறவினர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தீர்த்த யாத்திரை ஊருக்குக் கணவனும் மனைவியும் இன்பமாகப் போய் வருவதில் தவறு ஒன்றும் இல்லை. சேதுவில் நீராடுவதைத் தம்பதியாகச் செய்வதே மரபு. இருவரும் சேர்ந்து சங்கல்பம் செய்து, கையைப் பிடித்துக்கொண்டு கடலில் முழுகுகிறவர்களை அக்னி தீர்த்தத்தில் எந்த நாள் காலையிலும் பார்க்கலாம். காசிக்குப் போகிறவர்கள் இங்கிருந்து மணல் எடுத்துச் சென்று கங்கையில் கரைத்துவிட்டு, அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதரை அபிஷேகம் செய்வதும் பெரும்பாலும் தம்பதியாகத்தான். பக்தியும் ஊர் பார்க்கும் ஆசையும் சேர்ந்தே வந்துபோகிற ஊர் இது. ஆகவே அந்தக் கேள்வியை மனதில் சுமந்துகொண்டு வராதீர்கள்.

உங்கள் பெரிய கவலையான சாப்பாட்டுக்கு, கிழமைகளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலே பாதிக்கு மேல் தீர்வு கிடைத்துவிடும். ராமேஸ்வரத்து விசைப்படகுகள் தினமும் கடலுக்குப் போவதில்லை. விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் ஒன்றின் வலையை ஒன்று அறுத்துவிடாமல் இருப்பதற்காகக் கிழமைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த முறைப்படி திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்களில் விசைப்படகுகள் தொழிலுக்குப் போகின்றன. மறுநாள் காலையில், அதாவது செவ்வாய், வியாழன், ஞாயிறு அன்று கரைக்கு வருகின்றன. மற்ற நாள்களில் நாட்டுப்படகு மீன் வரும். அது அளவில் குறைவு, ஆனால் ருசியில் குறைவில்லை. நீங்கள் திங்கட்கிழமை மாலையில் வந்து வியாழக்கிழமை கிளம்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாயும் வியாழனும் உங்கள் கணவருக்குப் புது மீன் கிடைக்கும். நடுவில் இருக்கும் புதன்கிழமையைக் கோயிலுக்கு ஒதுக்குங்கள். கோயில் நாளில் மீன் தொடாத வழக்கம் பெரும்பாலான வீடுகளில் இருப்பதுதான் என்பதால், அன்று முழுவதும் இருவரும் ஒரே சைவ இலையில் உட்காரலாம். வார இறுதியில் தனுஷ்கோடிச் சாலையில் வாகனம் வாகனமாக நிற்கும் நெரிசலும் இந்த ஏற்பாட்டில் உங்களைத் தொடாது. புயல் எச்சரிக்கை இருந்தாலோ, மீனவர்கள் வேலைநிறுத்தம் அறிவித்திருந்தாலோ இந்தக் கணக்கு மாறும். கிளம்புவதற்கு முந்தின நாள் தங்கும் விடுதியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்ததும் நல்லதுதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வாடைக் காற்று தணிந்திருக்கும், சித்திரை வெயில் இன்னும் தொடங்கியிருக்காது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் என்பதால் அதுவும் உங்களைப் பாதிக்காது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். மகா சிவராத்திரி பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும். அதையொட்டிக் கோயிலில் திருவிழா நடக்கும். அமாவாசை நாள்களில் அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. நாள்காட்டியைப் பார்த்து, இவ்விரண்டும் விழாத வாரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வரும் வழியைப் பற்றி ஒரு பிடிவாதமான யோசனை சொல்கிறேன். காரிலேயே வந்துவிடலாம் என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். மதுரை வரை எப்படி வந்தாலும் சரி, அங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயிலில் வாருங்கள். அதுவும் பகல் வெளிச்சத்தில் பாம்பனைக் கடக்கும் வண்டியா என்று நேரம் பார்த்து ஏறுங்கள். 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில்கள் நின்றுபோயின. அதன் பிறகு பாலத்துக்குப் பக்கத்திலேயே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு வண்டி கடலின் மேல் மெதுவாகப் போகும். ராமேஸ்வரம் நோக்கி வரும்போது இடப்பக்கச் சன்னலில் பாக் நீரிணை விரிந்திருக்கும். வலப்பக்கத்தில் ஓய்வுபெற்ற பழைய பாலமும், அதற்கு அப்பால் 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலமும், அவற்றின் இடைவெளிகளில் மன்னார் வளைகுடாவும் தெரியும். பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு இருவர் மட்டும் கிளம்புகிற பயணத்துக்கு, காரில் ஒருவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்க மற்றவர் கடலைப் பார்ப்பதைவிட, ஒரே சன்னலில் இருவரும் உட்கார்ந்து பார்ப்பது நன்றாக இருக்கும் அல்லவா?

தங்குமிடத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கோயிலைச் சுற்றிய தெருக்களில் தங்கினால் அதிகாலைத் தரிசனத்துக்கு நடந்தே போகலாம். ஊருக்கு வெளியே கடலோர விடுதியில் தங்கினால் அமைதி கிடைக்கும். உங்கள் திட்டத்தில் அதிகாலைத் தரிசனம் இருப்பதால், கோயிலுக்கு நடக்கும் தூரத்திலேயே, ஆனால் ரத வீதிகளில் இருந்து சற்றுத் தள்ளி அறை எடுங்கள். பதிவு செய்வதற்கு முன் இரண்டு கேள்விகளை மட்டும் தொலைபேசியில் கேளுங்கள்: குளிக்கும் தண்ணீர் உப்பாக இருக்குமா? கடல் தெரியும் அறை என்றால் எந்தக் கடல், எந்த மாடியில் இருந்து? இரண்டாவது கேள்விக்குத் தடுமாறினால், அந்தக் கூடுதல் வாடகையைக் கொடுக்காதீர்கள்.

ஆட்டோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே இடக்கணக்கில் வாடகை பேசுவது வழக்கம். இத்தனை இடங்களைக் காட்டுகிறேன், இவ்வளவு கொடுங்கள் என்பார்கள். அந்த ஏற்பாட்டில் ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடத்தில் உங்களைத் திரும்ப ஏற்ற வேண்டிய கட்டாயம் ஓட்டுநருக்கு வந்துவிடுகிறது. அவரையும் குறை சொல்ல முடியாது. நீங்கள் நேரக்கணக்கில் பேசுங்கள். "நான்கு மணி நேரம், நாங்கள் சொல்லும் இடத்தில் நாங்கள் சொல்லும் வரை நிற்க வேண்டும்" என்று முதலிலேயே பேசி முடித்துவிட்டால் இருவருக்கும் மனக்கசப்பு வராது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரே நாளில் ஒன்பது இடம் என்று திட்டம் போட்டுக் கொடுத்தவன்தான். சேலத்தில் இருந்து வந்த ஒரு தம்பதி, எட்டாவது இடத்தில் அந்த அம்மாள் வெயில் தாங்காமல் மயங்கி உட்கார்ந்துவிட, கணவர் கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு பதறி நின்றதை நேரில் பார்த்த நாளோடு அந்த வழக்கத்தை விட்டுவிட்டேன். பிப்ரவரியாக இருந்தாலும் காலை பதினொரு மணிக்கு மேல் மாலை நான்கு மணி வரை அறையில் இருங்கள். மணலில் பட்டுத் திரும்பும் வெயில் நீங்கள் நினைப்பதைவிடக் கடுமையானது.

இனி செவ்வாய்க்கிழமை. விடிந்ததும் தனுஷ்கோடிக்குக் கிளம்புங்கள். மாலையில் போகலாம் என்று பலர் நினைத்துப் போய், சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பப்பட்டு ஏமாந்து வருகிறார்கள். பொழுது சாய்ந்த பிறகு அங்கே யாரையும் இருக்க விடுவதில்லை. காலையில் போனால் கூட்டமும் இருக்காது, வெயிலும் இருக்காது. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனை வரை போகும் ஒன்பதரை கிலோமீட்டர் சாலை 2017இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு மணலில் ஜீப்பிலோ, கால்நடையாகவோதான் போக வேண்டும். சாலையின் இடப்பக்கம் இருப்பதை உள்ளூர்க்காரர்கள் பெண் கடல் என்பார்கள், வலப்பக்கம் இருப்பதை ஆண் கடல் என்பார்கள். பெண் கடல் குளம் போலக் கிடக்கும், ஆண் கடல் அலை எறியும் என்பது பொதுப்பேச்சு. ஆனால் வாடைக்காலத்தில் அந்த அமைதியான கடல்தான் கொந்தளிக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மற்றது. நீங்கள் வருகிற பருவத்தில் இரண்டுமே ஓரளவு அடங்கியிருக்கும். சாலையோரத்துச் சேற்றுப் பரப்பில் அந்தப் பருவத்தில் பூநாரைகள் கூட்டமாக இரை தேடுவதைப் பார்க்க வாய்ப்புண்டு. அவற்றுக்காகவே 2025இல் தமிழ்நாடு அரசு இப்பகுதியைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் நின்று பாருங்கள். பறக்கவைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று கைதட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அரிச்சல்முனையில் கடலில் இறங்காதீர்கள். உங்கள் கணவருக்கு நீச்சல் நன்றாகத் தெரியும் என்றாலும் இறங்க வேண்டாம். இரண்டு பக்க நீரோட்டமும் மோதிக்கொள்ளும் இடம் அது. கரையில் முழங்கால் அளவாகத் தெரியும் தண்ணீர், இரண்டு எட்டு வைத்தால் ஆளை விழுங்கும் ஆழமாகிவிடும். காலடி மணலை நீரோட்டம் பறித்துக்கொண்டு போவதை நின்று பார்த்தாலே புரியும். கடல் குளியல் வேண்டுமென்றால் பெருநிலத்தில் உச்சிப்புளிப் பக்கம் அரியமான் கடற்கரை இருக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் என்பதாலும் சரிவு குறைந்த கரை என்பதாலும் அங்கே பயமின்றி இறங்கலாம்.

திரும்பி வருகையில் பழைய ஊரில் இறங்குங்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயலில் அழிந்த ஊர் இது. பாம்பனில் இருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் அலையில் அடித்துச் செல்லப்பட்டு, அதில் இருந்த அத்தனை பேரும் இறந்தார்கள். அதற்கு முந்தின அரை நூற்றாண்டு இது எப்படிப்பட்ட ஊராக இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். சென்னை எழும்பூரில் ஏறுகிறவர், இங்கே ரயிலில் இருந்து இறங்கிக் கப்பலில் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்பு போவார். சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் இருந்தன. இன்று பவளப்பாறைக் கற்களால் கட்டிய மாதா கோயிலின் சுவர்களும் ரயில் நிலையத்தின் மிச்சங்களும் நிற்கின்றன. பக்கத்துக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இன்னும் வாழ்கின்றன. கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில், மணலில் கையால் குழி தோண்டி, அதில் ஊறி வரும் நல்ல தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றும் பெண்களை நீங்கள் பார்க்கக்கூடும். கேட்டால் ஒரு கை உங்களுக்கும் தருவார்கள். குடித்துப் பாருங்கள், உப்பு துளியும் இருக்காது. பலர் அந்தக் கோயில் சுவரில் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். நீங்கள் அதைச் செய்யமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மீனுக்கு வருகிறேன். தனுஷ்கோடிச் சாலையோரத்தில் ஓலைக் கொட்டகைகள் இருக்கின்றன. வாசலில் ஒரு தட்டில் விளைமீன், பாறை, கணவாய், இறால், நண்டு என்று மசாலா தடவி அடுக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் கையைக் காட்டும் மீனை எடுத்துப் பொரித்துத் தருவார்கள். அங்கே ஒரு கொட்டகையில் சமைக்கும் அம்மாளை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். மீனைக் கல்லில் போட்டதும் தொடமாட்டார். ஓரம் சிவந்து, மீன் தானாகக் கல்லை விட்டு நகரும் வரை காத்திருந்து ஒரே ஒரு முறைதான் திருப்புவார். அவசரப்படுத்தினால், "மீனு சொல்லும்யா, நாம சொல்லக் கூடாது" என்பார். உங்கள் கணவர் கவனிக்க வேண்டியவை இவை: முதலில் விலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும், மசாலாவில் ஊறியிருக்கும் மீனில் பழசு புதுசு தெரியாது என்பதால், மசாலா தடவாத மீன் இருந்தால் அதைக் காட்டச் சொல்லி, செவுள் சிவந்து கண் தெளிந்திருப்பதைப் பார்த்து, பிறகு பொரிக்கச் சொல்ல வேண்டும். அதிகாலையில் கரைவலை இழுப்பதைப் பார்க்க வாய்த்தால் இன்னும் நல்லது. கரையில் இரு குழுவாக நின்று, பாட்டோடு கயிற்றை இழுத்து, கடைசியில் வலையின் மடியை மணலில் கொட்டும்போது பக்கத்தில் நிற்பவர்களுக்கே விலை சொல்வார்கள்.

அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வது? அதே கொட்டகையில் அவர் பக்கத்திலேயே உட்காருங்கள். அந்த வழியில் இளநீரோ, வெட்டிய மாங்காயோ, பனங்கிழங்கோ கிடைக்கும். தை, மாசியில் பனங்கிழங்குப் பருவம் முடிவதற்குள் வந்துவிடுகிறீர்கள். பதநீரும் இறங்கத் தொடங்கியிருக்கும். காலைப் பலகாரத்தை அறையில் இருந்தே இருவரும் முடித்துக்கொண்டு கிளம்பினால், கொட்டகையில் அவர் சாப்பிடுவது ஒரு நொறுக்குத் தீனி அளவில் நின்றுவிடும். நீங்கள் பசியோடு வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை வராது. மீன் வாடை உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் காற்று வரும் பக்கமாக உட்காருங்கள். அதுவும் முடியாது என்றால் வெட்கப்படாமல் சொல்லிவிட்டு ஐம்பது அடி தள்ளிக் கடலைப் பார்த்தபடி உட்காருங்கள். சாப்பிடும் கால் மணி நேரம் தள்ளி உட்காருவதைப் பிரிவு என்று எண்ண வேண்டாம்.

மதியச் சாப்பாட்டை ஒரே மேசையில் சாப்பிட வழி இருக்கிறது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் சைவக் கடைகள்தான் மிகுதி. பேருந்து நிலையப் பக்கமும், தங்கச்சிமடம், பாம்பன் பக்கமும் மீன் சாப்பாடு கிடைக்கும் கடைகள் உண்டு. அவற்றில் சைவச் சாப்பாடும் தனியாகப் போடும் கடையாகத் தேடி உட்காருங்கள். உட்காரும் முன் உங்கள் கணவரை மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். சாம்பாரும் ரசமும் தனி அடுப்பில், தனிக் கரண்டியில் இருக்கின்றனவா? அப்பளத்தை மீன் பொரித்த எண்ணெயில் பொரிக்கிறார்களா? கூட்டு, பொரியலில் கருவாடோ இறாலோ சேர்க்கும் வழக்கம் உண்டா? மூன்றாவது கேள்வி உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எங்கள் கடற்கரையில் முருங்கைக்காயிலும் கத்திரிக்காயிலும் கருவாடு சேர்ப்பது அன்றாடச் சமையல். பரிமாறுகிறவருக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றாது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் அந்தக் கடையில் நம்பி உட்காரலாம்.

அன்று மாலை பாம்பனுக்குப் போங்கள். சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்துவது ஆபத்து; காவலர்கள் அனுமதிப்பதும் இல்லை. வண்டியைப் பாம்பன் கரையில் விட்டுவிட்டுப் பாலத்து நடைபாதையில் நடந்து போங்கள். மண்டபம் கரைப் பக்கமாகச் சூரியன் இறங்கும். கீழே நாட்டுப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். உங்கள் கணவருக்குப் பாலம் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். புதிய பாலத்தின் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, லிஃப்ட் போல அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரம் வரை எழும்பும். பழைய பாலத்தில் இரண்டு இரும்புக் கைகள் மேலே பிரிந்து திறக்கும் அமைப்பு இருந்தது. 1964 புயலில் சிதைந்த அந்தப் பழைய பாலத்தை 46 நாள்களில் சீரமைத்தவர் இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன்; பின்னாளில் கொங்கண் ரயில்பாதையையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர். கப்பலுக்குப் பாலம் தூக்கும் நேரம் தினமும் ஒன்றாக இருக்காது. வாய்த்தால் பாருங்கள், அதற்காகக் காத்திருந்து மாலையை வீணாக்க வேண்டாம்.

புதன்கிழமை முழுவதும் உங்களுடையது. அதிகாலை ஐந்து மணி அளவில் நடக்கும் ஸ்படிகலிங்க தரிசனத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள், அதாவது உலர்ந்த ஆடையில். அதன் பிறகு அக்னி தீர்த்தத்தில் கடலாடி, உள்ளே வந்து இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, உடை மாற்றிக்கொண்டு ராமநாதரைத் தரிசியுங்கள். ஈர ஆடையோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள் என்பதால் மாற்றுடைப் பையை மறக்கக் கூடாது. கைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். உங்களுக்குச் சேலையைவிடச் சுடிதார் வசதி, அதுவும் அடர்ந்த நிறத்தில், நனைந்தால் உடம்போடு ஒட்டாத கெட்டித் துணியில். கிணற்றுச் சுவரின் மேல் நிற்பவர் வாளியைக் கயிற்றில் இறக்கி, ஒரே வீச்சில் இழுத்துத் தலையில் கொட்டுவார். ஒரு கிணற்றின் நீர் சில்லென்று இருக்கும், அடுத்தது வெதுவெதுப்பாக இருக்கும். தரை முழுவதும் ஈரக் கருங்கல். ஒருமுறை எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், தம் மனைவியின் முழங்கையை முதல் தீர்த்தத்தில் பிடித்தவர் கடைசியான கோடி தீர்த்தம் வரைக்கும் விடவில்லை. அவர் தலையில் ஊற்றும்போதுகூட மறு கையால்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உங்கள் கணவருக்குத் தீர்த்தத்தில் அவ்வளவு ஈடுபாடு இல்லை என்றாலும் கூடவே வரச் சொல்லுங்கள். வழுக்கும் தரையில் ஒரு துணை வேண்டும், அதற்காகவாவது வருவார்.

தரிசனம் முடிந்ததும் அவசரப்பட்டு வெளியே வந்துவிடாதீர்கள். மூன்றாம் பிராகாரத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவு பெற்றது இது. 1,212 தூண்கள், கிழக்கு மேற்காக ஏறத்தாழ 690 அடி நீளம். ஒரு மூலையில் நின்று பார்த்தால் தூண்கள் இரு பக்கமும் சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியில் போய் முடியும். நண்பகல் நடை சாத்துவதற்கு முந்தைய வேளையில் கூட்டம் வடிந்துவிடும். பசியோடு வெளியே வந்தால் வடநாட்டு யாத்ரீகர்களுக்கான போஜனாலயங்கள் வரிசையாக இருக்கின்றன. சுடச்சுட ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, ஊறுகாய் என்று எளிய தாலி. பல ஆண்டுகளாகக் குஜராத்திகளும் மார்வாடிகளும் வந்துபோகும் ஊர் என்பதால் அந்தச் சமையல் நன்றாகவே இருக்கும். தமிழ்நாட்டுச் சாப்பாடு வேண்டுமென்றால் அதற்கும் குறைவில்லை. இருவருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே மேசை.

நன்றாகத் தூங்கி எழுந்து மாலையில் பள்ளிவாசல் தெருவுக்கு நடந்து போங்கள். அப்துல் கலாம் பிறந்து வளர்ந்த வீடு அங்கே இருக்கிறது. அவர் தந்தை ஜைனுலாப்தீன் யாத்ரீகர்களைப் படகில் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் சென்றவர். கோயிலுக்கு வருகிறவர்களால் இந்தத் தீவில் எத்தனை அடுப்பு எரிகிறது என்பதற்கு அந்த வீடும் ஒரு சான்று. நேரம் இருந்தால் பேய்க்கரும்பில் உள்ள அவர் நினைவிடத்தையும் பார்க்கலாம். நினைவிடம், கந்தமாதன பர்வதம் என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பர்வதத்தைத்தான் சொல்வேன். தீவின் உயரமான மேடு அது; ராமர் பாதம் இருக்கும் மண்டபத்தின் மாடியில் நின்றால் தென்னையும் பனையும் கருவேலமும் கலந்த பச்சைக்கு நடுவில் கோயில் கோபுரமும் அதைச் சுற்றிக் கடலும் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் குந்துகால் போங்கள். 1897 ஜனவரி 26 அன்று, மேலைநாட்டுப் பயணம் முடித்துக் கொழும்பு வழியாக வந்த விவேகானந்தர் தாய்நாட்டில் கால் வைத்த இடம். அங்கே அவருக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. அங்கிருந்து வனத்துறை குருசடைத் தீவுக்குப் படகு விடுகிறது. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கிய 21 தீவுகளில் ஒன்று அது. பவளப்பாறை ஆழமற்ற நீரில் அடி வரை தெரியும். படகு அன்று உண்டா, எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். "தீவுக்கு நான் கூட்டிப்போகிறேன், குறைந்த காசு" என்று யாராவது தனியாக அழைத்தால் போகக் கூடாது. தேசியப் பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். மாட்டிக்கொண்டால் அழைத்துப் போனவரைவிட உங்களுக்குத்தான் அலைச்சல்.

குந்துகாலில் இருந்து திரும்பும் வழியில் பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ மதியச் சாப்பாடு. வியாழன் காலையில் கரைக்கு வந்த மீன் உங்கள் கணவருக்கு. நண்டு கிடைத்தால் அன்று நண்டே சாப்பிடச் சொல்லுங்கள். பாக் நீரிணையின் நீலக்கால் நண்டுக்கு வெளிநாட்டிலேயே கேட்பு அதிகம், கையில் ஓட்டை உடைத்துக்கொண்டு சாப்பிட நேரம் இருக்கும் நாளில்தான் அதைக் கேட்க வேண்டும். மாலை வண்டிக்கு நேரம் இருந்தால் ராமநாதபுரத்தில் இறங்கி, சேதுபதிகளின் ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவரோவியங்களை ஒரு மணி நேரம் பாருங்கள். திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை, தேவிபட்டினம் எல்லாம் அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும். அவற்றையும் இதிலேயே அடைத்தால் மூன்று இரவு தங்கியதற்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவதாக எழுதியிருந்தீர்கள். மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் வாங்கிப்போக நல்ல பொருள்கள் இருக்கின்றன. பவளத் துண்டுகளை மட்டும் யார் விற்றாலும் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம். பனை ஓலைப் பெட்டிகளும் கருப்பட்டியும் தங்கச்சிமடத்துச் சாலையோரத்தில் கிடைக்கும். கருப்பட்டியை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். சர்க்கரை கலந்திருந்தால் உள்ளே பளபளவென்று படிகம் தெரியும். தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் சேர்த்துக் கிண்டிய கீழக்கரைத் தொதல் ராமநாதபுரத்துக் கடைகளில் கிடைக்கும். சைவமானது, உங்களுக்கும் ஆகும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் குண்டு மிளகாயையும் அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் சரியாகக் காயவில்லை, ஊர் போய்ச் சேர்ந்ததும் இரண்டு நாள் வெயிலில் போட வேண்டியிருக்கும்.